ஒரு பூட்டு, ஐந்து சாவி

ரீமேக் ஒரிஜினலைத் தாண்டுமா என்ற சண்டை நம் ஊரில் எங்கே தொடங்கினாலும், கொஞ்ச நேரத்தில் மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தின் தமிழ் ரீமேக்கான ‘சந்திரமுகி’யில் வந்து நின்றுவிடும். ஒருவர் ஒரிஜினலின் ஷோபனா என்பார். இன்னொருவர் ரீமேக்கின் ஜோதிகா என்பார். மூன்றாமவர், “ரஜினி இல்லாமல் அந்தக் கதையைத் தமிழில் யார் பார்த்திருப்பார்கள்?” என்று கேட்டு இருவர் வாயையும் அடைப்பார். மூவர் பேச்சிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருப்பதால் சண்டை முடிவதே இல்லை.

பொதுவாகப் பேசினால் இது முடியவும் முடியாது. முதலில் பார்த்த படம்தான் மனசுக்குப் பிடித்த படம் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு இருக்கும். ஆனால் இந்தக் குறிப்பிட்ட கதை ஒரு நல்ல ஆய்வுப் பொருள். 1993 முதல் 2007 வரை, 14 வருடத்தில் மலையாளம், கன்னடம், தமிழ், வங்காளம், இந்தி என்று ஐந்து மொழிகளில் படமாகியிருக்கிறது. கதையின் எலும்புக்கூடு எல்லாவற்றிலும் அதேதான்: பூட்டிய அறை, நடனக்காரியின் பேய், அமைதியான மனைவி, ஊருக்கு வரும் மனநல மருத்துவர். ஆகவே எது மாறியது, மாறியதால் என்ன கிடைத்தது, என்ன போனது என்று கிட்டத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. வங்காளப் படத்தை இதில் விட்டுவிடுகிறேன். மற்ற நான்கே போதுமான வேலை கொடுக்கும்.

கதை முழுக்க உடைபடும். பார்க்காதவர்கள் யாராவது மிச்சமிருந்தால், பார்த்துவிட்டு வரலாம்.

கதை, சுருக்கமாக

‘மணிச்சித்திரத்தாழ்’ 1993 டிசம்பரில் வந்தது. எழுதியவர் மது முட்டம், இயக்கியவர் ஃபாசில். கல்கத்தாவிலிருந்து நகுலனும் (சுரேஷ் கோபி) மனைவி கங்காவும் (ஷோபனா) மாடம்பள்ளி என்ற பழைய தறவாட்டுக்கு (பரம்பரை வீட்டுக்கு) வந்து தங்குகிறார்கள். அங்கே தெக்கினி என்ற அறை பூட்டிக் கிடக்கிறது. தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாகவல்லி என்ற நடனக்காரி, எதிர் வீட்டு ராமநாதனைக் காதலித்தாள். வீட்டுக் காரணவர் (குடும்பத் தலைவர்) சங்கரன் தம்பி அவளை ஒரு துர்காஷ்டமி ராத்திரியில் கொன்றார். அவளுடைய ஆவியை அந்த அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஊர் நம்புகிறது. கங்கா பூட்டைத் திறக்கிறாள். அதன் பிறகு வீட்டில் என்னென்னவோ நடக்கிறது. பழி, நகுலனுக்கு ஒரு காலத்தில் பேசி வைத்திருந்த ஸ்ரீதேவியின் மேல் விழுகிறது. நகுலனின் நண்பர் டாக்டர் சன்னி (மோகன்லால்) அமெரிக்காவிலிருந்து வருகிறார். பேய் இல்லை, கங்காதான் நாகவல்லி என்று கண்டுபிடிக்கிறார்.

படத்தின் பலம் ‘கண்டுபிடிக்கிறார்’ என்ற அந்த இடத்தில்தான் இருக்கிறது. சன்னி நகுலனிடம் விளக்கும்போது, முன்பு நாம் பார்த்த சம்பவங்களையே படம் இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. குறுக்கு வழியே இல்லை. கங்காவின் குழந்தைப் பருவத்தையும் சன்னி தோண்டி எடுக்கிறார். அப்பா அம்மா கல்கத்தாவில், பெண் ஊரில் பாட்டியிடம், தூங்கப் பழங்கதைகள். திடீரென்று ஒருநாள் பெற்றோர் வந்து கூப்பிட்டுக்கொண்டு போகப் பார்த்தபோது அவள் மனம் முதல் தடவை உடைந்திருக்கிறது. பேய்க்கதைக்கு இவ்வளவு பொறுமையான அஸ்திவாரம் போட்ட இன்னொரு தென்னிந்தியப் படம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம்: இந்தப் படம் ஒரே கையால் எடுத்தது மாதிரி இருக்கிறது, ஆனால் அப்படி எடுக்கப்படவில்லை. ஃபாசிலுக்குத் துணையாக பிரியதர்ஷன், சிபி மலயில், சித்திக்–லால் ஆகியோர் தனித்தனி யூனிட்களை நடத்தினார்கள். படப்பிடிப்பு திருப்பூணித்துறை ஹில் பேலஸிலும், நம் கன்னியாகுமரி மாவட்டத்து பத்மநாபபுரம் அரண்மனையிலும் நடந்தது. அந்த அரண்மனை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் இருப்பது. தஞ்சாவூர்க்காரி ஒருத்தி மலையாள வீட்டில் சிறைப்பட்ட கதைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் தேடினாலும் கிடைக்காது.

சாவி கைமாறிய பாதை

விசித்திரம் என்னவென்றால், தன் மலையாளப் படங்களைத் தானே தமிழில் எடுப்பது ஃபாசிலின் பழக்கம். ‘பூவே பூச்சூடவா’ (1985), ‘பூவிழி வாசலிலே’ (1987), ‘காதலுக்கு மரியாதை’ (1997) எல்லாம் அப்படி வந்தவைதான். அவருடைய மிகப் பெரிய படம் மட்டும் அவர் கையால் தமிழுக்கு வரவில்லை. 11 வருடம் கழித்து, அதுவும் பெங்களூர் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

2004 ஆகஸ்டில் பி. வாசு கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ எடுத்தார். விஷ்ணுவர்தன் டாக்டர், சௌந்தர்யா கங்கா, ரமேஷ் அரவிந்த் கணவர், துவாரகீஷ் தயாரிப்பாளர். படம் வெளிவருவதற்கு முன்பே, அந்த வருடம் ஏப்ரலில், சௌந்தர்யா விமான விபத்தில் இறந்துபோனார். இறந்துபோன ஒரு பெண் இன்னொருத்தியின் உடம்பில் வந்து ஆடும் கதையை, இறந்துபோன நடிகையின் முகத்தில் கன்னட ரசிகர்கள் பார்த்தார்கள். படத்தின் மாபெரும் வெற்றியில் அந்தத் துக்கத்துக்கும் பங்கு இருந்தது. இதை எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் சேர்க்க முடியாது, ஒதுக்கவும் முடியாது.

அடுத்தது தமிழ். ‘பாபா’ (2002) ஏமாற்றத்துக்குப் பிறகு ரஜினி கிட்டத்தட்ட மூன்று வருடம் திரைக்கு வரவில்லை. வாசுவுடன் ‘பணக்காரன்’, ‘மன்னன்’, ‘உழைப்பாளி’ என்று ஏற்கெனவே பழகிய கூட்டணி. சிவாஜி புரொடக்ஷன்ஸ் தயாரிப்பு, வித்யாசாகர் இசை. 2005 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று ‘மும்பை எக்ஸ்பிரஸ்’, ‘சச்சின்’ இரண்டுடனும் மோதி வந்தது. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடியது. (சாந்தி தியேட்டரும் அப்போது சிவாஜி குடும்பத்துடையதுதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் படிக்கவேண்டும். இருந்தாலும் படம் பெரிய வெற்றி என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.)

கடைசியாக 2007 அக்டோபரில் ‘பூல் புலையா’. இயக்கியவர் பிரியதர்ஷன், ஒரிஜினலில் ஒரு யூனிட்டை நடத்திய அதே ஆள். அக்ஷய் குமார், வித்யா பாலன், ஷைனி அஹுஜா நடித்தார்கள். நியாயப்படி பார்த்தால் ஒரிஜினலுக்கு மிக அருகில் நின்ற கை இவருடையதுதான். அப்படி இருந்தும் நான்கில் இந்தப் படம்தான் எனக்கு மிகச் சப்பென்று தெரிகிறது. கிட்டத்தட்ட காட்சிக்குக் காட்சி இருக்கிறது, ஆனால் அந்த வீட்டில் யாரும் குடியிருந்த மாதிரி இல்லை. விசுவாசம் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சாட்சி. வித்யா பாலனை மட்டும் இந்தக் குறையிலிருந்து விலக்கிவிடுகிறேன்.

பேய்க்கு எந்த ஊர்?

நாகவல்லி தமிழ் பேசுகிறாள். மலையாள ரசிகனுக்குத் தமிழ் பாதி புரியும், பாதி புரியாது. பக்கத்து வீட்டுக் குரல்தான், ஆனால் நம் வீட்டுக் குரல் இல்லை. பயம் அந்த இடைவெளியில்தான் குடியேறுகிறது. கூடவே தஞ்சாவூர் என்றால் சதிர் (பரதநாட்டியத்தின் பழைய வடிவம்), கொலு மண்டபம், ராஜ தர்பார் என்று ஒரு கனவும் ஒட்டிக்கொண்டு வரும். எம்.ஜி. ராதாகிருஷ்ணன் ஆஹிரி ராகத்தில் ‘பழந்தமிழ் பாட்டிழையும்’ போட்டார். ‘ஒரு முறை வந்து பார்த்தாயா’வின் தமிழ் வரிகளை வாலி எழுதினார்.

தமிழுக்கு வரும்போது இந்த ஏற்பாடு உடையும். தமிழ்ப் படத்தில் பேய் தமிழ் பேசினால் அதில் என்ன அந்நியம் இருக்கிறது? வாசு கன்னடத்திலேயே பேயைத் தெலுங்குக்காரியாக்கிவிட்டார். ‘ரா ரா’ என்ற தெலுங்குப் பாட்டும் அங்கேயே வந்துவிட்டது. தமிழிலும் அதையே வைத்துக்கொண்டார். இந்தியில் பேயின் பெயர் மஞ்சுளிகா, அவள் வங்காளி.

இந்த மாற்றத்தைச் சும்மா ஒரு சமாளிப்பு என்று பலர் தள்ளிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாயக்கர் காலத்திலும் மராட்டியர் காலத்திலும் தஞ்சை தர்பாரின் இசைக்கும் நடனத்துக்கும் தெலுங்கே பெரும்பாலும் மொழியாக இருந்தது. க்ஷேத்ரய்யாவின் பதங்களும், ஜாவளிகளும் (இரண்டும் காதல் பாட்டு வகைகள்) தமிழ்நாட்டுச் சதிர்க் கச்சேரிகளில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டவை. காதலனை ‘வா வா’ என்று தெலுங்கில் அழைத்து ஆடும் ஒருத்தி தமிழ்நாட்டு அரண்மனையில் இருந்தாள் என்றால் வரலாறு அதை மறுக்காது. யோசித்துச் செய்தார்களா, தற்செயலாக அமைந்ததா என்பதல்ல விஷயம், அது பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. இந்த ஒரு கணக்கில் ரீமேக்குக்கு முழு மார்க்.

கட்டில் காட்சி

எந்த மொழியானாலும் இந்தக் காட்சியை வைத்துத்தான் நடிகையை எடைபோடுவார்கள். கங்கா கல்யாண நகை வாங்க வெளியே கிளம்பவேண்டும். கணவன் போகவேண்டாம் என்கிறான். டாக்டர் அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கிறார், சீண்டிப் பார்ப்பதற்காக.

ஷோபனா இதை எப்படிச் செய்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். முதல் கேள்வியில் செல்லக் கோபம் இருக்கிறது. சாதாரண மனைவி சாதாரணக் கணவனிடம் கேட்பது. அடுத்த கேள்வியில் குரல் உயராமலேயே பார்வை மட்டும் நின்றுபோகிறது. பிறகு மலையாளம் நடுவாக்கியத்தில் கழன்று தமிழ் உள்ளே வருகிறது. நகுலன் முகத்தில் அது புரிவதற்கு ஒரு கணம் ஆகிறது, நமக்கும்தான். அதற்கு அப்புறம்தான் ஒற்றைக் கையில் கட்டில் தூக்கல், சீறல் எல்லாம். எல்லாம் முடிந்து விழுந்தவள் எழும்போது எதுவும் தெரியாத களைப்பு மட்டும் இருக்கிறது. மொத்தமும் சில நிமிடங்களே ஓடுகிறது. தேசிய விருது இந்தச் சில நிமிடங்களுக்கே கொடுத்திருக்கலாம்.

அந்த விருதில் ஒரு முடிச்சு உண்டு. கங்காவுக்குக் குரல் பாக்யலட்சுமியுடையது. நாகவல்லியின் தமிழுக்குக் குரல் கொடுத்தவர் துர்கா என்ற டப்பிங் கலைஞர், இதைப் பல வருடம் கழித்து ஃபாசிலே வெளியில் சொன்னார். அதாவது ஒரு உடம்பில் இரண்டு பேர் என்ற கதைக்கு நிஜமாகவே இரண்டு குரல்கள். இதனால் ஷோபனாவின் சாதனை குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனால் “ஷோபனா மாதிரி வருமா” என்று சொல்லும்போது நாம் மூன்று பெண்களின் வேலையை ஒருவர் பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஜோதிகா வேறு வழியில் போனார். ஷோபனா பரதத்திலேயே வாழ்பவர், திருவாங்கூர் சகோதரிகளின் குடும்பத்திலிருந்து வந்தவர். ஜோதிகாவுக்கு அந்த மூலதனம் இல்லை. அவரிடம் இருந்தது கண். ‘ரா ரா’வில் அவர் கண்ணை உருட்டுவதைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது, அதை நடித்துக்காட்டாத பள்ளிக்கூட ஆண்டுவிழாவும் கிடையாது. நுணுக்கமாகப் பார்த்தால் ஷோபனாவின் மாற்றம் உள்ளிருந்து வெளியே வருகிறது, ஜோதிகாவுடையது வெளியிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் படத்தின் மற்ற எல்லாமே அத்தனை உரக்கப் பேசும்போது, அவர் அடக்கி வாசித்திருந்தால் காணாமல் போயிருப்பார். தன் படத்தின் அளவு தெரிந்து நடித்தார் என்றே சொல்வேன். ரஜினி படத்தின் தலைப்பைக் கதாநாயகியின் பேய் எடுத்துக்கொண்டது சின்ன விஷயமா என்ன?

பலகையில் யார் படுத்திருக்கிறார்கள்

கடைசிக் காட்சிக்கு வருவோம், எனக்கு முக்கியமான சாட்சியம் இங்கேதான் இருக்கிறது.

நாகவல்லி பழிவாங்கிவிட்டோம் என்று நம்பினால்தான் கங்காவை விட்டுப் போவாள். அதற்காக மந்திரவாதி பிரம்மதத்தனும் டாக்டர் சன்னியும் சேர்ந்து ஒரு திருப்புப் பலகை ஏற்பாடு செய்கிறார்கள். புகையும் சாம்பலும் அவள் முகத்தில் படும் கணத்தில் பலகை சுழலும், ஆள் மறைவான், பொம்மை வரும். அவள் பொம்மையைச் சிதைப்பாள்.

மலையாளத்தில் அந்தப் பலகையில் இருப்பவன் நகுலன். கணவன். இது எவ்வளவு சரியான தேர்வு என்று யோசித்துப் பாருங்கள். அவளைத் தனியே விட்டுவிட்டு வேலையில் மூழ்கியவன் அவன். பெற்றோர் கைவிட்ட பயத்தை மறுபடி கிளறியதில் அவனுக்கும் பங்கு உண்டு. இப்போது மனைவியின் கையில் இருக்கும் வாளுக்குக் கீழே படுக்க அவன் சம்மதிக்கிறான். பலகை சுழலாமல் போனால் செத்தான். காதல் என்று படத்தில் ஒரு வசனம்கூட வேண்டாம், அந்தப் படுக்கையே போதும்.

தமிழில் பலகையில் இருப்பது டாக்டர் சரவணன். அதாவது ரஜினி, சந்திரமுகியைக் கொன்ற ராஜா வேட்டையன் வேஷத்தில். கணவன் செந்தில்நாதன் (பிரபு) ஓரமாக நின்று பார்க்கிறார். ஏன் என்று கேட்கவேண்டியதில்லை. கிளைமாக்ஸில் வாளுக்கு முன்னால் ஹீரோ இல்லாமல் வேறு யார் இருக்கமுடியும்? 2005-இல், ‘பாபா’வுக்கு அடுத்த படத்தில்? மோகன்லால் வெகுநேரம் கழித்து உள்ளே வந்து, கோமாளித்தனம் பண்ணி, கடைசியில் இன்னொருவன் உயிரைப் பணயம் வைக்க ஏற்பாடு செய்துவிட்டு ஒதுங்கி நிற்கலாம். ரஜினிக்கு ஆரம்பத்திலேயே சண்டை வேண்டும், ‘தேவுடா தேவுடா’ வேண்டும், கடைசியில் பலகையும் வேண்டும்.

இதனால் கணவன் பாத்திரம் காலியாகிவிட்டது. அதற்கு ஒரு வேடிக்கையான அத்தாட்சியும் இருக்கிறது. தன் மனைவிக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்து நொறுங்கும் இடத்தில் பிரபு பேசும் “என்ன கொடுமை சரவணன் இது” என்ற வசனம், இரண்டே வருடத்தில் ஊரெல்லாம் நகைச்சுவையாகிவிட்டது. ‘சென்னை 600028’-இல் பிரேம்ஜி அதைச் சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கினார். பிரபு மோசமாக நடித்தார் என்று அர்த்தமில்லை. அந்தத் துக்கத்துக்குப் படத்தில் இடமே ஒதுக்கப்படவில்லை, அதனால் அது தனியே தொங்கியது, தொங்குவதைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வந்துவிடும். சுரேஷ் கோபியின் நகுலன் சொன்ன எந்த வார்த்தையையும் யாரும் இப்படிக் கிண்டலடிக்கவில்லை.

சுருங்கியது கணவன் மட்டுமல்ல. மலையாளத்தின் ஸ்ரீதேவி செவ்வாய் தோஷத்தால் கல்யாணம் கெட்டு வீட்டோடு வந்து கிடப்பவள். அவள் மேல் பழி விழும்போது நமக்கே வெட்கமாக இருக்கும். தமிழில் அவளை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். செந்திலுக்குப் பேசி வைத்திருந்த பெண் ஒருத்தி, சந்தேகத்துக்கு ஆளாகிற தோட்டக்காரரின் பேத்தி துர்கா (நயன்தாரா) இன்னொருத்தி. பிரித்ததில் இரண்டுமே இலேசாகிவிட்டன. அப்புறம் அந்தப் பாம்பு. அரண்மனைக்குள் ஒரு ராட்சசப் பாம்பு ஊர்ந்துகொண்டே இருக்கும். பேய் என்று எதுவும் இல்லை, மனம்தான் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும் படத்தில் அது எதற்கு? ஒரிஜினல் கட்டிக் காத்த ஒழுங்கை ஒரு கிராஃபிக்ஸ் பாம்பு கடித்துவிட்டது.

வடிவேலுவை மட்டும் இந்த நஷ்டக் கணக்கில் எழுதமாட்டேன். மலையாளத்தில் இன்னசென்ட், குதிரவட்டம் பப்பு, நெடுமுடி வேணு, கே.பி.ஏ.சி. லலிதா என்று ஒரு குடும்பமே சுமந்த பயமும் சிரிப்பும் தமிழில் பெரும்பாலும் முருகேசன் தலையில் விழுந்தது. அவர் சுமந்தார். அந்த வீட்டில் நிஜமாகவே பயப்படுகிற ஒரே ஆள் அவர்தான், அதனால் நமக்கும் கொஞ்சம் பயம் வருகிறது.

வேட்டையன் என்ற லாபம்

இத்தனைக்கும் பிறகு, ஒரிஜினலில் இல்லாத ஒன்று ‘சந்திரமுகி’யில் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மேலே சொன்ன அதே பலகையிலிருந்துதான்.

மலையாளத்தில் சங்கரன் தம்பி ஒரு கதை, ஒரு ஓவியம். அவ்வளவே. அவர் எப்படிப்பட்டவர் என்பதை நாகவல்லியின் வெறுப்பிலிருந்துதான் ஊகிக்கவேண்டும். ராஜா உருவத்தில் டாக்டரையே காட்டும் யோசனை கன்னடத்தில் விஷ்ணுவர்தனுக்காக வாசு செய்தது. தமிழில் அது வேறு உயரத்துக்குப் போனது. காரணம் ரஜினியின் பழைய கணக்கு. ‘மூன்று முடிச்சு’, ‘அவர்கள்’, ‘16 வயதினிலே’ என்று வில்லனாகவே தொடங்கியவர். அந்த ரஜினியை ஒரு தலைமுறை டிவியில் மட்டுமே பார்த்திருந்தது. திடீரென்று ‘லகலகலகலக’ என்று நாக்கைச் சுழற்றிக்கொண்டு, பெண்ணின் மேல் ஆசையும் குரூரமும் ஒரே பார்வையில் வழிய அவர் வந்து நின்றபோது, தியேட்டர் கைதட்டியது ஹீரோவுக்கு அல்ல.

இதனால் கதைக்கும் ஒரு ஆதாயம். சந்திரமுகி யாரைக் கொல்ல இத்தனை காலம் காத்திருந்தாள் என்பது முதல் தடவையாக நமக்குக் கண்ணால் தெரிகிறது. அவளைக் காப்பாற்ற வந்தவன் முகமும் அவளைக் கொன்றவன் முகமும் ஒன்றாகவே இருக்கிறது. இந்தப் பயங்கரம் மலையாளத்தில் இல்லை. திட்டமிட்டு எழுதியிருந்தால் இதை வைத்தே தனிப் படம் எடுத்திருக்கலாம், இவர்கள் ஒரு நட்சத்திரத்துக்கு இடம் பண்ணப்போய் அதைத் தடுக்கி எடுத்தார்கள்.

என் கணிப்பு இதுதான்: ‘சந்திரமுகி’ இழந்ததில் பெரியதும், சம்பாதித்ததில் பெரியதும் ஒரே முடிவிலிருந்து வந்தவை. கணவனை எழுப்பிவிட்டு நட்சத்திரத்தைப் பலகையில் படுக்க வைத்த முடிவு. படமாக எடைபோட்டால் ‘மணிச்சித்திரத்தாழ்’ பக்கம் தட்டு தாழ்கிறது, இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் வேட்டையன் வரும் அந்தச் சில நிமிடங்களில் ரீமேக் ஒரிஜினலைத் தாண்டிப் போகிறது. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும், ஒன்றை மட்டும் சொல்பவர் இன்னொரு படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

அதே ஆட்கள், இன்னொரு சோதனை

இது நட்சத்திரப் பலத்தால் வந்த வெற்றி, யார் எடுத்திருந்தாலும் ஓடியிருக்கும் என்பார்கள். அதைச் சரிபார்க்க ஒரு வாய்ப்பு மூன்றே வருடத்தில் கிடைத்தது. அதே வாசு, அதே ரஜினி, இன்னொரு மலையாளக் கதை. 2007-இல் வந்த ‘கத பறயும்போள்’ ஒரு ஏழை முடிதிருத்துபவர், அவருடைய பால்ய நண்பனான பெரிய நடிகர், இருவருக்கும் நடுவில் உள்ள தூரம் பற்றியது. ஸ்ரீனிவாசன் நாயகன், மம்மூட்டிக்குக் கௌரவ வேடம். நடிகர் கண்ணில் படாமல் இருக்க இருக்கத்தான் கதைக்கு வலு. 2008-இல் ‘குசேலன்’ வந்தபோது பசுபதி முடிதிருத்துபவர், ரஜினி நடிகர். ரஜினியை எவ்வளவு காட்டலாமோ அவ்வளவு காட்டினார்கள். படம் விழுந்தது.

இங்கேயும் அதே வேலைதான் நடந்திருக்கிறது: நட்சத்திரத்துக்கு இடத்தைப் பெரிதாக்குவது. ‘சந்திரமுகி’யில் பெரிதான இடம் ஒரு வில்லனாக மாறியது. ‘குசேலன்’ கதையில் பெரிதாவதற்கு இடமே கிடையாது, தூரம்தான் அந்தக் கதை, நடிகரைப் பக்கத்தில் கொண்டுவந்ததும் கதை தீர்ந்துவிட்டது.

மாறாக, நட்சத்திரத்தைக் கதைக்குள் அடக்கிய ரீமேக்கும் நமக்கு இருக்கிறது. ‘த்ரிஷ்யம்’ (2013) எடுத்த ஜீத்து ஜோசப்பே 2015-இல் ‘பாபநாசம்’ எடுத்தார். மோகன்லால் கல்லாக உட்கார்ந்து பேசிய கடைசிப் பேச்சில் கமல் உடைந்து அழுதார். அது கூடுதலா குறைவா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு மோகன்லாலின் இறுக்கம்தான் பிடிக்கும். ஆனால் கமலின் சுயம்புலிங்கம் அழுததில் நெல்லைக்கார அப்பா ஒருவர் இருக்கிறார் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு

வேட்டையன் வெற்றியிலிருந்து எல்லோரும் தப்பான பாடம் படித்தார்கள். 2010-இல் கன்னடத்தில் ‘ஆப்தரக்ஷகா’வும் தெலுங்கில் ‘நாகவல்லி’யும் வந்தன. 2023-இல் வாசுவே ‘சந்திரமுகி 2’ எடுத்தார். ராகவா லாரன்ஸ் வேட்டையன், கங்கனா ரணாவத் சந்திரமுகி. 2005-இல் சில நிமிடம் வந்து போன வேட்டையனுக்கு இப்போது முழு வரலாறு, போர், சபதம் எல்லாம். அவன் எவ்வளவு விளக்கப்பட்டானோ அவ்வளவு சாதுவாகிவிட்டான். இந்திப் பக்கம் ‘பூல் புலையா’ என்ற பெயரும் மஞ்சுளிகா என்ற பெயரும் தொடர்ந்து பாகங்களாக வந்து பணம் பண்ணிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கும் மது முட்டம் எழுதிய கங்காவுக்கும் பெயரளவு உறவுகூட மிச்சமில்லை.

மலையாளத்தில் 2024 ஆகஸ்டில் ஒரிஜினலையே 4கே-யில் புதுப்பித்துத் தியேட்டரில் விட்டார்கள். கதை தெரிந்த கூட்டம்தான் போனது. யார் பேய் என்று தெரிந்த பிறகும் பார்க்க ஆள் வருகிறது என்றால், அந்தப் படம் மர்மத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை.

இன்னும் இரண்டையும் பார்க்காத அதிர்ஷ்டசாலிகளுக்கு ஒரு யோசனை. மலையாளத்தை முதலில் பாருங்கள், சப்டைட்டிலோடு. நாகவல்லி பேச ஆரம்பித்ததும் நமக்கு சப்டைட்டில் தேவைப்படாது, மலையாளிகளுக்குக் கிடைக்காத ஒரு சலுகை அது. ஒரு வாரம் விட்டு ‘சந்திரமுகி’யைப் போடுங்கள். ஆரம்பச் சண்டையைத் தள்ளிவிட்டாலும் பரவாயில்லை, வடிவேலுவைத் தள்ளாதீர்கள். கிளைமாக்ஸ் வரும்போது வேட்டையனைப் பார்க்கும் நேரம் போக, ஓரத்தில் நிற்கும் பிரபுவையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.